யார் கையில் இருக்கிறது போன்?

(ராயபுரத்தில் ஒரு படிப்பகத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வேலை முடிந்து நேரே வந்திருக்கிறீர்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ரொம்ப மகிழ்ச்சி.

“நம்ம ஜனங்களுக்கு போன் பேசவே தெரியாது. ரயிலில் ஏறினால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார்கள். ஜப்பானில் பாருங்கள், ஒரு சத்தம் கேட்காது.” இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நன்றாகப் படித்தவர்களே சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. பேசினால் யார் காசு போகிறது, வீட்டில் எத்தனை போன், கையில் என்ன வேலை இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு நாட்டின் போன் பழக்கம் அமைகிறது. மக்களின் குணத்தை அதற்குள் இழுப்பது நியாயமில்லை.

ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். ரயிலுக்குள் போனில் பேச வேண்டாம் என்று அங்கே அறிவிப்பே செய்கிறார்கள். மக்களும் கேட்டு நடக்கிறார்கள். ஆனால் பேசாமல் இருப்பவர்களுக்கு வேறொரு வழி கையிலேயே இருந்தது. 1999 பிப்ரவரியிலேயே டோகோமோ நிறுவனம் ‘ஐ-மோட்’ என்ற சேவையைத் தொடங்கிவிட்டது. மின்னஞ்சல், செய்தி, வானிலை எல்லாம் பட்டன் போனிலேயே வந்தன. நம் தெருவில் எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்து நின்ற காலம் அது. எழுத்தில் சொல்லிவிட முடிகிறவருக்கு வாய் திறக்க அவசியம் இல்லை. நம் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஷிஃப்ட் முடிந்து திரும்புகிறவரைப் பாருங்கள். வண்டி இரைச்சல் ஒரு பக்கம், மறுமுனையில் மெஷின் பக்கத்தில் நின்று கேட்பவர் ஒரு பக்கம். சத்தமாகப் பேசாமல் அவர் என்ன செய்வார்?

அடுத்து, மிஸ்டு கால். இதைக் கஞ்சத்தனம் என்று சிரிப்பவர்கள் உண்டு. கணக்கைப் பார்ப்போம். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று பேசப்பட்டது. கொல்கத்தாவிலிருந்து அப்போதைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, தில்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அன்றைக்கு நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு போகும். 2003-ல்தான் வருகிற அழைப்பு இலவசமானது. அழைப்பவர் மட்டும் கொடுத்தால் போதும் என்று ஆன பிறகு, பேலன்ஸ் இல்லாதவர் ஒரு ரிங் விட்டு வைப்பார், இருப்பவர் திருப்பிக் கூப்பிடுவார். ஒரு ரிங் என்றால் ‘கிளம்பிவிட்டேன்’, இரண்டு என்றால் ‘கீழே வா’ என்று வீட்டுக்கு வீடு ஒரு ஏற்பாடு இருந்தது. கானாவிலும் நைஜீரியாவிலும் இதே வழக்கம் தானாகவே முளைத்தது. யாரும் யாரையும் பார்த்துக் கற்கவில்லை. கட்டண முறை ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இந்த மிஸ்டு கால் வழக்கம் வேரூன்றவில்லை. அங்கே செல்போன் எண்ணும் வீட்டு போன் எண்ணும் ஒரே மாதிரி ஊர்க் குறியீட்டோடு இருந்தன. தான் செல்போனுக்குப் பேசுகிறோம் என்பது அழைப்பவருக்கே தெரியாது. அதனால் அவரிடம் கூடுதல் கட்டணம் வாங்க முடியவில்லை, எடுத்துப் பேசுபவரின் கணக்கில் நிமிடங்கள் கழிந்தன. ஒரு ரிங் விட்டுவிட்டுத் திரும்பி வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு போகும், அப்புறம் மிஸ்டு காலால் என்ன லாபம்? செல் எண்ணைக் கண்டவர்களிடம் கொடுக்க அமெரிக்கர்கள் ரொம்ப நாள் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். பிலிப்பைன்ஸில் குறுஞ்செய்தி மலிவு, பேச்சு விலை அதிகம். அங்கே நாடே செய்தி தட்டியது. 2001 ஜனவரியில் அதிபர் எஸ்ட்ராடாவுக்கு எதிராக மணிலாவின் எட்சா சாலையில் கூட்டம் திரண்டதில் அந்தக் குறுஞ்செய்திகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

காசிமேட்டுக்காரர்கள் நிறைய பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒன்று. 1997-லிருந்து 2001 வரை கேரளத்தின் வட பகுதிக் கடற்கரையில் செல்போன் வந்தபோது, மத்தி மீன் விற்பனையை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். போன் வருவதற்கு முன்னால், ஒரு கரையில் வாங்க ஆள் இல்லாமல் மீனைக் கொட்டுவார்கள். அதே நாளில் கொஞ்ச தூரத்தில் இன்னொரு கரையில் வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்புவார்கள். போன் வந்த பிறகு, எந்தக் கரையில் விலை இருக்கிறது என்று படகிலிருந்தே கேட்டுவிட்டு அங்கே படகைத் திருப்பினார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றே போனது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. ஸ்மார்ட்போன் கிடையாது, ஆப் கிடையாது, வெறும் பேச்சுதான். தொழிலுக்கு எது தேவை என்று அந்தப் படகுக்காரர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

அப்புறம் கென்யா. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசா என்ற பணம் அனுப்பும் சேவையைத் தொடங்கியது. நைரோபியில் வேலை செய்கிறவர் தெருமுனைக் கடையில் ரொக்கத்தைக் கொடுப்பார். அது அவர் போன் கணக்கில் ஏறும். பட்டன் போனிலேயே ஊரில் இருக்கும் அம்மாவின் எண்ணுக்கு அனுப்புவார். அம்மா அங்கே உள்ள ஒரு கடையில் அடையாள அட்டையைக் காட்டி ரொக்கமாக வாங்கிக்கொள்வார். இணையம் வேண்டாம், வங்கிக் கணக்கும் வேண்டாம். இதற்கு முன்பே அங்கே மக்கள் ரீசார்ஜ் தொகையை ஒருவருக்கொருவர் அனுப்பி, அதையே பணம் போலப் புழங்கிக்கொண்டிருந்தார்கள். மக்களிடம் என்ன போன் இருக்கிறது, அதை வைத்து ஏற்கெனவே என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அதற்கேற்ப அமைத்த சேவை என்பதால்தான் எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

நம் ஊரிலும் அப்படிப்பட்டவை உண்டு. இட்லிக் கடை அக்காவுக்குக் கையெல்லாம் மாவு. போனை எடுத்துப் பார்க்க முடியாது. கடையில் இருக்கும் சின்னப் பெட்டி ‘நாற்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று சத்தமாகச் சொல்கிறது. அவர் தலையை நிமிர்த்தாமலே அடுத்த ஈட்டைத் தட்டில் ஊற்றுகிறார். 2020-ல் பள்ளிகள் மூடியபோது கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஒளிபரப்பினார்கள். எல்லா வீட்டிலும் பிள்ளைக்கென்று ஒரு போன் இருக்காது என்பது அப்போது யாருக்கோ ஞாபகம் இருந்திருக்கிறது. 2022-ல் பட்டன் போனுக்கும் யு.பி.ஐ. வசதி வந்தது. நல்ல காரியம். ஆனால் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேருக்கு அது தெரியும்?

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஓ.டி.பி. விஷயத்தில்தான். ஆளுக்கு ஒரு போன் என்ற கணக்கில் ஓர் ஏற்பாட்டைச் செய்து, வீட்டுக்கே ஒரு போன் இருக்கிற தெருவில் கொண்டுவந்து வைக்கிறார்கள். சிலிண்டர்காரர் வாசலில் நிற்கிறார், எண்ணைச் சொல்லுங்கள் என்கிறார். எண் வந்த போன் வீட்டுக்காரரோடு துறைமுகத்தில் இருக்கிறது, அவர் கிரேனுக்குக் கீழே நிற்கிறார், எடுக்க மாட்டார். அந்த அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடி அங்கிருந்து கூப்பிட்டுப் பார்க்கிறார். சிலிண்டர் வண்டி கிளம்பிவிடுகிறது. அவருக்கு ‘டெக்னாலஜி தெரியவில்லை’ என்று சொன்னால் அது அநியாயம். அவருக்கு எல்லாம் தெரியும். போன்தான் அவரிடம் இல்லை.

பொதுச் சேவையில் ஓ.டி.பி. கேட்கும் எவரும் ஒரு வீட்டுக்கு இரண்டு எண் பதிய வழி செய்ய வேண்டும். அது வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, வங்கிக் கணக்கு மூன்றிலும் யார் எண் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நிறைய வீட்டில் ரீசார்ஜ் போடாமல் செத்துப்போன பழைய சிம்மின் எண் இருக்கும். ரேஷன் கார்டிலும் கேஸ் இணைப்பிலும் பகலில் வீட்டில் இருப்பவரின் எண்ணைப் பதியச் சொல்லுங்கள். வங்கியில் மட்டும் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் எண்ணே இருக்கட்டும். எப்படி மாற்றுவது என்று தெரியாதவர்கள் கார்டோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே வாருங்கள். நம் படிப்பகத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து செய்து தருவார்கள். நானும் இருப்பேன்.