சிவப்புத் துண்டு யார் தோளில்?

வணக்கம் நேயர்களே.

சொந்தக்காரர்கள் எல்லாரும் கூட வேண்டும் என்றால் முன்பெல்லாம் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ வர வேண்டும். இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு மாப்பிள்ளை கூடாரப் படம் ஒன்றைப் போட்டால் போதும். "நாமும் போகலாமே" என்று ஆரம்பித்து, அந்த வாரமே மலையில் ஒரு தோட்டத்துக்கு முன்பணம் கட்டியாகிவிடுகிறது. பெங்களூர், சென்னை, கோவை என்று சிதறிக் கிடக்கும் அக்கா தங்கை அண்ணன் தம்பி குடும்பங்கள் இரண்டு ராத்திரி ஒரே இடத்தில் தங்குவது நல்ல யோசனைதான். ஆனால் கூட்டத்தில் கைக்குழந்தையும் நண்டும் சிண்டுமாக ஏழெட்டுப் பேர் இருந்தால் கணக்கே வேறு. அந்தக் கணக்கைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் பெங்களூரிலிருந்து போக ஏலகிரி மலை வசதி. சாலையில் சுமார் 160 கிலோமீட்டர். சென்னை ரயில், சேலம் வழியாக வரும் கோவை ரயில், பெங்களூர் ரயில் மூன்றுக்கும் பொதுவான ஜோலார்பேட்டை சந்திப்பு மலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. யாரும் வண்டி மாற வேண்டியதில்லை. ஐந்து வயது முடியாத பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் கிடையாது, ஆனால் தனி இருக்கையும் கிடையாது. அதற்கு மேல் 12 வயது வரை தனி இருக்கை கேட்டால் முழுக் கட்டணம். எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு. என்னைக் கேட்டால், மூன்று வயதுப் பிள்ளையோடு போகிறவருக்கு ரயில்தான் சரி.

தேதி பிடிப்பது பெரிய தலைவலி. காணும் பொங்கலன்று கட்டுசாதத்தோடு ஆற்றங்கரைக்குப் போவது நம் வழக்கம். ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அப்போது தொடர்ந்து லீவு, இங்கே நம் பிள்ளைகளுக்குச் சங்கராந்தியோடு சரி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. குடியரசு தினம் வாரக் கடைசியை ஒட்டி வந்தால் விட்டுவிடாதீர்கள்.

காரில்தான் போவேன் என்கிறவர்கள் விடியற்காலையில், பிள்ளைகள் தூக்கம் கலையாமல் இருக்கும்போதே சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டிவிடுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காரும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். ஏர்பேக் விரியும் வேகம் சின்ன உடம்புக்கு ஆகாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட்டோ, குழந்தைக்கான தனி இருக்கையோ இல்லாமல் வந்தால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. "பக்கத்தில்தானே போகிறோம், பாட்டி மடியில் இருக்கட்டும்" என்பார்கள். பாட்டியின் பாசம் பெரிதுதான், பிரேக் அடிக்கும்போது பாட்டியின் பிடி நிற்காது.

அடுத்தது வாந்தி. பெங்களூரே மேட்டு நிலம். ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சமவெளிக்கு இறங்கி, மறுபடி மலை ஏறுகிறோம். ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி வளைகிறது என்று உள்காது மூளைக்குச் சொல்கிறது; மொபைலில் கார்ட்டூன் பார்க்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரட்டுகிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது அபூர்வம், அதற்கு மேல் 12 வயது வரைதான் அதிகம். அதனால் மலையடிவாரம் வந்ததும் மொபைலை வாங்கிவிடுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள், பார்வை வெளியே இருக்கட்டும். அந்த வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அடுத்த பலகையை யார் முதலில் படிப்பது என்று போட்டி வைத்தால் கண் தானாக வெளியே போகும். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிற நம் பிள்ளைகள் பாரதியார் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் வளைவு முடிந்துவிடும், அது வேறு விஷயம். காலையில் பால் வேண்டாம். இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரை தருவதானால் குழந்தை மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு தாருங்கள்.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று. இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. கூட்டமாகப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் நிறைய என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. அம்மா, "அத்தைகூட இருக்கிறான்" என்று நினைக்கிறாள். அத்தை, "தாத்தாகூடப் போனான்" என்று நினைக்கிறாள். தாத்தா சீட்டுக்கட்டில் இருக்கிறார். இருபது பெரியவர்கள் இருக்கும் இடத்தில் ஒரு இரண்டு வயதுப் பிள்ளை யார் பார்வையிலும் இல்லாமல் கால் மணி நேரம் சுற்றலாம். தோட்டங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கலாம், மூடாத சிமெண்ட் தொட்டி இருக்கலாம். நடக்கப் பழகிய குழந்தைக்கு முழங்கால் அளவுத் தண்ணீரே ஆபத்து. தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்திக் கூப்பிடும் என்று நினைக்காதீர்கள். மூச்சுக்கே திணறும்போது குரல் வராது. சத்தமில்லாமல், ஒரு நிமிடத்துக்குள் மூழ்கிவிடும்.

எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரு சிவப்புத் துண்டு வைத்திருக்கிறோம். துண்டு யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் காவல். அரை மணி நேரம்தான் முறை. அந்த நேரத்தில் போன் கிடையாது, சீட்டு கிடையாது, ஊர்க்கதை கிடையாது. முடிந்ததும் அடுத்தவர் தோளில் போட்டு, பிள்ளைகளை எண்ணிக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். துண்டைக் கொடியில் காயப்போட்டுவிட்டு நழுவ முடியாது. ஆண்களுக்கும் முறை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் துண்டு மருமகள்கள் தோளிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பத்து வயது அக்காவிடம் தம்பியை ஒப்படைத்துவிட்டு உட்காருவதும் வேண்டாம். அவளும் விளையாட வந்தவள்.

சாப்பாடும் இப்படித்தான். பெரியவர்களின் பிரியாணி என்றைக்கும் பத்து மணிக்கு முன் இறங்கியதில்லை. குழந்தைகளுக்கு ஏழு மணிக்கே தனியாகப் போட்டுவிட வேண்டும். தயிர்சாதம் கொண்டுபோனால் பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் ஊற்றிப் பிசையுங்கள், மதியம்வரை புளிக்காது. காய்ச்சிய தண்ணீர், கூடவே வயிற்றுப்போக்கு வந்தால் கரைத்துக் கொடுக்க நாலைந்து ஓ.ஆர்.எஸ். தூள் பாக்கெட். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். டம்ளரில் ஒரு சிட்டிகை என்பது சரியான முறை அல்ல.

ராத்திரி தீ மூட்டுவார்கள், பாட்டு நடக்கும். படுக்கப் போகுமுன் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். மேலே சாம்பலாகத் தெரிந்தாலும் அடியில் கங்கு காலைவரை இருக்கும், முதலில் எழுந்து வெறுங்காலோடு ஓடுவது குழந்தைதான். சுட்டுக்கொண்டால் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, மை, நெய் எதுவும் தடவ வேண்டாம். குளிருக்காகக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குகிறவருக்குத் தெரியாது. கூடாரத்தின் காற்று ஜன்னலையும் கொஞ்சம் திறந்தே வையுங்கள். இல்லாவிட்டால் மூச்சின் ஈரமே சொட்டி விடியற்காலையில் போர்வை நனைந்துவிடும். ஒரு வயதாகாத குழந்தையைக் காற்றடைத்த மெத்தையில் படுக்க வைக்காதீர்கள், அதில் முகம் புதைந்துவிடும். கைக்குழந்தைக்காரர்களுக்கும் மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கும் ஓர் அறை எடுத்துவிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கூடாரத்தை முந்தைய வாரமே வீட்டு ஹாலில் விரித்து ஒரு ராத்திரி படுக்க வைத்தால், பாதி அழுகை இங்கேயே தீர்ந்துவிடும். ஷூவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போடுவது, டார்ச் இல்லாமல் கழிப்பறைக்குப் போகாமல் இருப்பது இரண்டையும் அதோடு சொல்லிக் கொடுத்துவிடலாம்.

திரும்பி வந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், புல்லிலும் புதரிலும் தங்கியிருந்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் என்று ஒரு காய்ச்சல் சின்ன உண்ணி இனப் பூச்சியால் வருகிறது. கடித்த இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கலாம். அக்குள், இடுப்பு மடிப்பிலெல்லாம் பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து உண்டு.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். பிள்ளைகள் வண்டியிலேயே தூங்கும், அத்திப்பள்ளியில் நெரிசல் பிடிப்பதற்குள் ஊருக்குள் வந்துவிடலாம். "இருங்கள், காபி குடித்துவிட்டுப் போகலாம்" என்று பெரியம்மா நிச்சயம் சொல்வார். பிளாஸ்க்கை நீட்டுங்கள், ஊற்றிக்கொடுப்பார்.

நன்றி நேயர்களே. வணக்கம்.