இறந்த பெண்ணுக்கு எத்தனை மணி நேரம்?

தலைவர் அவர்களுக்கும் வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

அண்மையில் பார்த்த இணையத் தொடர்களைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். பார்த்தவற்றையெல்லாம் வரிசைப்படுத்தி, இது நன்று, இது சுமார் என்று மதிப்பெண் போட்டுக்கொண்டு போவதில் எனக்கு விருப்பமில்லை. அவற்றுள் சிலவற்றில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஓர் இளம்பெண் கொல்லப்படுகிறாள், அல்லது காணாமற்போகிறாள். தொடர் அங்கிருந்துதான் புறப்படுகிறது. அவளுடைய சாவு இல்லையென்றால் கதையே இல்லை. ஆனால் எட்டு மணி நேரம் நம்மை உட்கார வைக்கும் அந்தக் கதையில் அவளுக்கென்று கிடைக்கும் நேரம் எவ்வளவு, அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் யார் யார் என்று கவனித்துப் பார்த்தால், ஒரு தொடரின் தரம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

இது ஓடிடி தளங்கள் கண்டுபிடித்த வழக்கமன்று. 1990-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘ட்வின் பீக்ஸ்’ லாரா பால்மர் என்ற மாணவியின் உடல் கரையொதுங்குவதில் தொடங்குகிறது. 2007-இல் டென்மார்க்கில் ஒளிபரப்பான ‘ஃபோர்பிரைடெல்சன்’ நன்னா என்ற பெண்ணின் கொலையை இருபது பகுதிகளில் விசாரித்தது. அந்த மரபின் கிளைகள் நம் கைப்பேசி வரை வந்துவிட்டன. முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கொலையாளி யார் என்பதை வெளியிட்டு, இன்னும் பார்க்காதவர்களின் சாபத்தைப் பெற்றுக்கொள்ள நான் தயாரில்லை.

முதலில் ‘சுழல்’. புஷ்கரும் காயத்ரியும் எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கி, 2022-இல் அமேசான் பிரைமில் வெளியான தொடர் இது. சாம்பலூர் என்ற கற்பனை ஊரில் சிமென்ட் ஆலை தீப்பற்றி எரிகிறது. அதே வேளையில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். மாசி மாதம் அங்காளம்மனுக்கு நடக்கும் மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாள்களோடு விசாரணையின் நாள்களைப் பின்னியிருப்பது, மேல்மலையனூர்ப் பக்கத்து மக்களுக்குச் சொல்லாமலே விளங்கும் நேர்த்தியான அமைப்பு. ஆனால் நிலா என்ன படித்தாள், எதற்குச் சிரித்தாள், யாரைக் கண்டால் ஒதுங்கினாள் என்பவற்றை அறியும் ஆவல் தொடருக்குப் பாதி வழிவரை இல்லை. நடுப்பகுதிகளில் பாதி, சந்தேகத்தை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றுவதிலேயே கழிகிறது. அக்கா நந்தினியாக வரும் ஐஸ்வர்யா ராஜேஷின் முகம்தான் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. தங்கைக்கு நேர்ந்ததைத் தன் உடம்பிலேயே அறிந்தவளைப் போல அவர் அமைதியாக இருக்கும் இடங்கள் விசாரணைக் காட்சிகளைவிட வலுவானவை.

அதே ஆண்டு டிசம்பரில் வந்த ‘வதந்தி’ இந்தச் சிக்கலையே தன் பொருளாக எடுத்துக்கொண்டது. ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கிய தொடர். களம் கன்னியாகுமரி மாவட்டம். படப்பிடிப்பு நடக்கவிருந்த இடத்தில் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. இறந்தது புகழ்பெற்ற நடிகை என்று செய்தி பரவி ஊரே திரள்கிறது; நடிகை உயிரோடு வந்து நின்றதும், இறந்தவள் வெலோனி என்ற சாதாரணப் பெண் என்று தெரிகிறது. நடிகை என்று நம்பியபோது இருந்த துக்கம் வெலோனி என்று தெரிந்ததும் வாய்க்கு ருசியான பேச்சாக மாறிவிடுவதை முதல் பகுதியே காட்டிவிடுகிறது. அதன்பின் எஸ். ஜே. சூர்யா ஏற்றிருக்கும் விவேக் என்ற காவல் அதிகாரி போகுமிடமெல்லாம் ஒரு வெலோனி கிடைக்கிறாள். லைலா நடித்திருக்கும் தாய்க்கு ஒரு வெலோனி, நாசர் ஏற்றிருக்கும் எழுத்தாளருக்கு ஒரு வெலோனி, தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு வேறொரு வெலோனி. ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, பின்னோக்கிச் செல்லும் காட்சிகளில் வெலோனியாக வரும் சஞ்சனாவின் நடையும் பார்வையும்கூடச் சொல்பவரின் ஆசைக்கும் வெறுப்புக்கும் ஏற்ப மாறுகின்றன. எட்டுப் பகுதி நீளம் இங்கே நியாயமாகிறது, ஏனெனில் பொய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதற்கு அந்த நேரம் வேண்டும். ஆயினும் விவேக்கின் வெறியும் அதனால் குலையும் அவருடைய குடும்பமும் மெல்ல மெல்லத் திரையை ஆக்கிரமித்துக்கொள்ள, வதந்தியிலிருந்து அவளை மீட்கப் புறப்பட்ட தொடர், மீட்பவனின் தவிப்பைக் காட்டுவதில் கூடுதல் இன்பம் காண்கிறது என்பது என் வருத்தம்.

இப்போது ‘அடலசன்ஸ்’ தொடருக்கு வருகிறேன். பேச வந்ததே பெரும்பாலும் இதற்காகத்தான். ஜாக் தோர்னும் ஸ்டீபன் கிரஹாமும் எழுதி, பிலிப் பாரன்டினி இயக்கி, 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ஆங்கிலேயத் தொடர். நான்கே பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டே இல்லாத ஒரே காட்சியாக எடுக்கப்பட்டது. காலையில் காவலர்கள் கதவை உடைத்து ஒரு வீட்டுக்குள் நுழைகிறார்கள். படுக்கையில் இருக்கும் பதின்மூன்று வயது ஜேமியை, தன்னோடு படித்த கேட்டி என்ற மாணவியைக் கொன்றதாகச் சொல்லிக் கைது செய்கிறார்கள். அவன் செய்தானா இல்லையா என்ற கேள்விக்கு முதல் பகுதியின் இறுதியில், தந்தையின் கண்முன்னே ஓடும் கண்காணிப்புக் கேமராப் பதிவு விடை சொல்லிவிடுகிறது. ஆகவே இதைச் சொன்னதற்காக என்னை யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. மீதி மூன்று பகுதிகளும் ஏன் என்ற கேள்விக்கு உரியவை.

வெட்டில்லாத காட்சியைப் பலரும் தொழில்நுட்ப வித்தையாகப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான், இரண்டாம் பகுதியின் முடிவில் கேமராவை ட்ரோனில் ஏற்றி, பள்ளியிலிருந்து கொலை நடந்த இடத்துக்குப் பறக்கவிட்டிருப்பது எளிய காரியமன்று. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. இப்படி எடுத்தால் பின்னோக்கிச் செல்லும் காட்சிக்கு இடமே இல்லை. கேமரா உயிரோடு இருப்பவர்களின் பின்னாலேயே நடக்க வேண்டும். இறந்துபோனவளிடம் திரும்பிப் போக அதற்கு வழி கிடையாது. கேட்டி பேசுவதை நாம் கேட்பதே இல்லை. புகைப்படங்களிலும் அந்தக் கேமராப் பதிவின் சில நொடிகளிலும் மட்டும் இருக்கிறாள். மற்றபடி அவளைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பிறர் வாய்மொழிதான்: அவளுடைய அந்தரங்கப் படம் பள்ளியில் பரவியது, அந்த அவமானத்தில் அவள் தளர்ந்திருப்பாள், தன்னை மறுக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டு ஜேமி அவளை அழைத்தான், அவள் மறுத்தாள், இன்ஸ்டாகிராமில் அவள் இட்ட எமோஜிகளுக்கு, பெரியவர்களுக்கு விளங்காத வசைப்பொருள் இருந்தது. அந்தக் குறிகளின் பொருளை விசாரணை அதிகாரிக்கு அவருடைய சொந்த மகனே விளக்க வேண்டியிருக்கிறது.

தொடருக்கு இந்த இல்லாமை தெரியாமல் இல்லை. இரண்டாம் பகுதியில் மிஷா என்ற பெண் அதிகாரி, எல்லாரும் ஜேமியைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள், கேட்டியை மறந்துவிடுவார்கள் என்று தன் கூட்டாளியிடம் எரிச்சலோடு சொல்கிறார். சொல்லிவிட்டதால் குற்றம் தீர்ந்துவிடுமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவளைத் திரும்பக் கொண்டுவந்து, நாலு சிரிப்பும் ஒரு பாட்டுமாகக் காட்டி நம் கண்ணைக் கசக்கவைப்பதைவிட, அவளுடைய இடத்தை வெற்றிடமாகவே விட்டிருப்பது நேர்மையானது என்று நான் கருதுகிறேன். கேட்டியின் தோழி ஜேட் பள்ளியில் கட்டுக்கடங்காமல் சீறும் சில நிமிடங்களில்தான் இழப்பு என்றால் என்ன என்பது உறைக்கிறது. அந்தப் பெண்ணைத் தொடர் அத்தோடு விட்டுவிட்டதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாம் பகுதி கொலைக்கு ஏழு மாதங்கள் கழித்து நடக்கிறது. ஓர் அறை, ஒரு மேசை, மனநல நிபுணராக எரின் டோஹர்ட்டி, எதிரில் ஜேமியாக ஓவன் கூப்பர். தொடர் வருவதற்கு முன் திரையில் நடித்திராத சிறுவன் அவன். பதினைந்து வயதில் இதற்காக எம்மி விருது பெற்றான். நிபுணர் பரிவோடு கொடுக்கும் பாதி சாண்ட்விச்சைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு ஜேமி கடிக்கிறான். சிரித்துப் பேசுகிறவன் திடீரென்று எழுந்து அதட்டுகிறான். ஒரு பெண்ணை அச்சுறுத்த முடிகிறது என்று கண்டுகொண்ட நொடியில் அவன் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி, கொலைக் காட்சியைக் காட்டியிருந்தால்கூட வந்திருக்காத நடுக்கத்தைத் தருகிறது. கேட்டி கடைசியாகப் பார்த்த முகம் எதுவென்று அங்கே நமக்குத் தெரிந்துபோகிறது. பிரிட்டனின் மேல்நிலைப் பள்ளிகளில் இத்தொடரை இலவசமாகத் திரையிட ஏற்பாடு செய்தார்கள் என்பதை நீங்கள் செய்திகளில் படித்திருப்பீர்கள்.

‘சுழல்’ 2025-இல் இரண்டாம் சீசனோடு திரும்பி வந்தபோது, அதை எழுதியவர்கள் இதே கேள்வியை யோசித்திருக்கிறார்கள் என்று பட்டது. இம்முறை இறப்பவர் ஒரு மூத்த வழக்கறிஞர். நான்தான் கொன்றேன் என்று எட்டு இளம்பெண்கள் தனித்தனியே ஒப்புக்கொள்கிறார்கள். பேசாத நிலாவுக்குப் பதில் பேசுவதற்கு எட்டுப் பேர்! எண்ணமென்னவோ அருமையானது. ஆனால் இந்தச் சீசனில் வரும் திருவிழாவின் எட்டுக் காளிகளோடு எட்டுப் பேரையும் பொருத்துவதில் காட்டிய அக்கறையை, ஒருத்தியிலிருந்து மற்றொருத்தியை நாம் பிரித்தறியும்படி செய்வதில் காட்டவில்லை. கௌரி கிஷன் ஏற்ற பாத்திரம் மட்டும் மனத்தில் நிற்கிறது.

பிணமே இல்லாத ஒரு தொடரையும் சொல்லாமல் விடக்கூடாது. முத்துக்குமார் இயக்கத்தில் 2023 ஜனவரியில் ஜீ5-இல் வந்த ‘அயலி’, 1990-களின் புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடக்கிறது. வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைப்பது வீரப்பண்ணை என்ற அந்த ஊரின் வழக்கம். மருத்துவராக விரும்பும் தமிழ்ச்செல்வி, தான் பெரியவளானதையே மறைத்துவிடுகிறாள். மாதந்தோறும் வரும் அந்த மூன்று நாளும் யாருக்கும் தெரியாமல் கழிய வேண்டுமே என்ற பதற்றம் எந்தக் கொலை விசாரணைக்கும் இளைத்ததன்று. உண்மை தெரிந்தபின் அதைக் காக்கும் பொறுப்பையும் சுமக்கும் தாயாக அனுமோள் நடித்திருப்பது தனியே ஒரு மாலை பேசத் தக்கது. பிற்பகுதிகளில் வசனங்கள் மேடையேறிவிடுகின்றன. மேடையில் நின்றுகொண்டு நான் இதைக் குறை சொல்வது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இதில் பெண் உயிரோடு இருக்கிறாள், தன் கதையைத் தானே நடத்துகிறாள், எட்டுப் பகுதியும் அவளுக்கே உரியவை. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து முதலில் இதைப் பாருங்கள். ‘அடலசன்ஸ்’ அடுத்த வாரம் ஆகட்டும், அதையும் அவர்களோடு சேர்ந்தே பாருங்கள்.