புல்லைக் குனிந்து பார்ப்பவர் சொல்லட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பல்லடத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

கோல்ஃப் மைதானத்துப் புல்லைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் அதைப் பராமரிக்கும் கிரீன்கீப்பரா, அதில் ஆடுகிறவர்களா? இதுதான் இன்றைய கேள்வி. கிரீன்கீப்பரே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு காட்சியைச் சொன்னார். வருஷச் சந்தா கட்டிய ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட வருகிறார். பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வைத்திருக்கும் புல்தரைக்குக் கிரீன் என்று பேர். அந்தக் கிரீன் முழுக்க விரல் மொத்தத்துக்கு ஓட்டை, மேலே மணல். "நல்லா இருந்த புல்லை ஏன் குத்திக் கெடுத்தீங்க?" என்று சத்தம் போடுகிறார். அந்தக் கோபம் நியாயம் என்றார் தம்பி. காசு கட்டியவருக்குக் கோபம் வருவது எனக்கும் புரிகிறது. ஆனால் "நல்லா இருந்த புல்" என்று அவர் எதை வைத்துச் சொன்னார்? மேலே பச்சையாக இருந்ததை வைத்துச் சொன்னார். கீழே என்ன நடக்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

நம்மைப் போன்ற வெயில் ஊர்களில் கிரீனில் வளர்ப்பது பெரும்பாலும் அருகம்புல்லின் குட்டை ரகங்கள். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அந்த அருகையும் அதன் ஆப்பிரிக்கச் சொந்தத்தையும் சேர்த்து எடுத்தவை. வரப்பில் விட்டால் அருகு எப்படிப் படரும் என்று பண்ணையம் பார்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதையே தினமும் சுமார் 3 மில்லிமீட்டருக்கு வெட்டிப் பாருங்கள். இரண்டு ஒரு ரூபாய்க் காசை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் உயரம். அதன் மேல் தினமும் வெட்டு மெஷின் ஓடுகிறது, நூறு பேர் நடக்கிறார்கள். மண் இறுகிப் போகிறது. செத்த தண்டும் வேரும் மெத்தை மாதிரி சேர்ந்துவிடுகிறது. தண்ணீரும் காற்றும் கீழே இறங்காமல் வேர் மேலேயே நின்றுவிடுகிறது. அப்போதும் சில வாரம் பச்சையாகத்தான் தெரியும். அப்புறம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும்போது ஒரே மத்தியானத்தில் வாடிவிடும்.

காடு இறுகினால் நாம் உளிக்கலப்பை போட்டு உழுகிறோம். கிரீனில் ஏர் ஓட்ட முடியுமா? அதனால்தான் அரை அங்குலக் குழாய்களை இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு இறக்கி, மண்ணை உருவி எடுத்து, அந்த இடத்தில் மணலை நிரப்புகிறார்கள். புல் வேகமாக வளரும் மாதத்தில் செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும். ஆட வருகிறவர்களுக்கு வசதியான மாதம் பார்த்துத் தள்ளிப்போட்டால் ஆறுவதற்கு நாளாகும். தேதியைக் கிரீன்கீப்பர் குறிக்க வேண்டும் என்று நான் வாதாடுவது இதற்காகத்தான்.

என் அக்கா வீட்டுக்காரர் இந்த வேலையில் இருபது வருஷமாக இருக்கிறார். காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குள் போவார். ஒரு சின்னக் குழாயைச் செருகி மண்ணை எடுப்பார். வேர் எவ்வளவு நீளம் என்று பார்த்துவிட்டு மண்ணை மூக்கருகே கொண்டு போவார். அழுகிய முட்டை வாடை அடித்தால் கீழே காற்று இல்லை, தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். ஓட்டை போட்ட மறுநாள் ஒருவர் அத்தனை பேர் முன்னால், "புல்லு வெட்டறவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி மாமா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு வைத்திருப்பவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல். மழை பெய்து புல் முழங்கால் தொட்டதும் ரோட்டில் போகிறவர், "ஏனுங்க, இத்தனை புல்லு கிடக்குது, மாட்டை உடாம வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார். காட்டுக்கார அப்பாரு அசைய மாட்டார். விதை விழுந்த பிறகுதான் மாட்டை உள்ளே விடுவார். கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் அன்றைய புல்லைப் பார்த்தார், அப்பாரு அடுத்த வருஷத்துப் புல்லைப் பார்த்தார்.

கிரீன் மெதுவாக இருக்கிறது, பந்து ஓடுவதில்லை என்பது தம்பியின் அடுத்த புகார். வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரை எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-இல் செய்தார். மூன்றடி நீளப் பட்டை, நடுவில் பள்ளம், பந்து உருண்டு எத்தனை அடி போகிறது என்று கணக்கு. ஒரு மைதானத்தின் கிரீன்கள் எல்லாம் ஒரே மாதிரி ஓடுகின்றனவா என்று பார்க்கத்தான் அது ஏற்றது. இன்று அந்த எண்ணை வைத்து எங்கள் கிரீன் வேகமா, உங்கள் கிரீன் வேகமா என்று போட்டி நடக்கிறது. வேகம் கூட்ட இன்னும் ஒட்ட வெட்ட வேண்டும். இலை போனால் புல் எதை வைத்துச் சமைத்துச் சாப்பிடும்?

2018 அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியையும் தம்பி எடுத்துக்காட்டினார். அது நடந்த ஷின்னகாக் மைதானத்தில் மூன்றாம் நாள் மத்தியானம் கிரீன்கள் காய்ந்து, பந்து நிற்காமல் ஓடியது உண்மைதான். ஆனால் குழிகளில் சிலவற்றை மிகக் கடினமான இடத்தில் வைத்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டது போட்டியை நடத்திய சங்கம். புல்லின் எல்லைக்கு மேல் வேகம் கேட்டால் இப்படித்தான் ஆகும் என்பதற்கு அதை நான் என் பக்கம் எடுத்துக்கொள்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் தம்பியோடு பாதி ஒத்துப்போகிறேன். குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் ஊரில், மைதானத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு செலவாகிறது என்று கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு. கணக்கைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் நூறு ஏக்கருக்கு மேலான மைதானத்தில் 18 கிரீனும் சேர்ந்து இரண்டரை, மூன்று ஏக்கர்தான் வரும். மீதி இடமும் எந்நேரமும் பச்சையாக இருக்க வேண்டும் என்பது யாருடைய ஆசை? கிரீனுக்குப் போகிற வழியில் இருக்கும் நீளப் புல்வெளியான ஃபேர்வே கொஞ்சம் பழுப்பாக இருக்கட்டும் என்று விடத் தயாராக இருப்பவர் கிரீன்கீப்பர்தான். ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்தால் பூசணம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் விட்டுவைத்த பழுப்பைப் பார்த்து, "வேலை செய்யறதே இல்லை" என்று புகார் எழுதுகிறவர்கள் ஆட வருகிறவர்கள்.

மாமா கதையை பாதியில் விட்டேன். மூன்று வாரம் கழித்து அந்த ஓட்டைகளைத் தேடினாலும் காணோம். அன்றைக்குச் சத்தம் போட்டவர் அதே கிரீனில் பந்தை உருட்டிவிட்டுக் கிளம்பினார். மாமாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் அடுத்த கிரீனில் குனிந்து மண்ணை முகர்ந்துகொண்டிருந்தார். நடுவர் அவர்களே, அவரிடம் சொல்லாமல் விட்ட அந்த வார்த்தையை உங்கள் தீர்ப்பில் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.