அடுப்பில் விளையும் உப்பு

நேயர்களுக்கு வணக்கம். எனக்குத் தூத்துக்குடிப் பக்கம். உப்பளத்தைப் பார்த்தே வளர்ந்தவன். அம்மா பல வருடம் உப்பு வாரப் போனவர். அதனால், மலைக்கு மேலே ஒரு கிராமத்தில் உப்பு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, பாறையை வெட்டி எடுப்பார்களாயிருக்கும் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், கிணற்றில் வாளி விட்டு இறைக்கிறார்கள்!

தாய்லாந்தின் வடக்கே, லாவோஸ் எல்லையை ஒட்டி ஒரு மாகாணம். அதன் பெயர் நான். ஆமாம், நம்முடைய 'நான்' மாதிரியே. "எங்கேப்பா போயிருந்தாய்?" என்று கேட்டவர்களிடம் "நானுக்கு" என்று சொல்லி நான் பட்ட பாடு தனிக் கதை. அந்த மாகாணத்து மலைகளுக்கு நடுவே இருக்கிறது போ க்லுவா. அவர்கள் மொழியில் 'போ' என்றால் கிணறு, 'க்லுவா' என்றால் உப்பு. புவா என்ற ஊரிலிருந்து 1256ஆம் எண் சாலையில், தோய் பு கா தேசியப் பூங்கா வழியாக ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். வளைவுக்கு மேல் வளைவு. காலையில் சாப்பிட்டது பாதி வழியிலேயே வெளியே வந்துவிட்டது.

நான் போனது டிசம்பரில். மாங் ஆற்றங்கரையில் கிணறு. ஆற்றில் ஓடுவது நல்ல தண்ணீர். நாலு எட்டு தள்ளி, கிணற்றில் ஊறுவது உப்புத் தண்ணீர். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், சுரீரென்றது. எப்போதோ கடலாக இருந்த இடம். அன்றைய உப்பு மண்ணுக்கு அடியில் புதைந்து கிடக்க, நிலத்தடி நீர் அதைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. விலங்குகள் அந்த ஊற்றைத் தேடி வந்து நக்குவதைக் கண்டு வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்பது ஊர்க்கதை.

இறைத்த நீர் ஒரு கொட்டகைக்குப் போகிறது. உள்ளே நுழைந்ததுமே புகையில் கண் எரிந்தது. நீளமான மண் அடுப்பு, அதன்மேல் அகன்ற இரும்புக் கொப்பரைகள், கீழே முழு மரக்கட்டைகள். நாலைந்து மணி நேரம் கொதிக்க வேண்டும். தண்ணீர் சுண்டச் சுண்ட, அடியில் வெள்ளையாகப் படிகிறது. அடுப்படியில் நின்ற அம்மாள் அதை நீளக் கரண்டியால் அரித்து எடுத்து, கொப்பரைக்கு நேர் மேலே தொங்கும் மூங்கில் கூடையில் போடுகிறார். கூடையிலிருந்து சொட்டுகிற நீர் திரும்பவும் கொப்பரையிலேயே விழுகிறது. ஒரு சொட்டுகூட வீணில்லை. அந்தக் கூடையைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் பாத்தியில் சூரியன் சும்மா செய்து கொடுக்கிற வேலைக்கு, அங்கே ஒவ்வொரு பிடிக்கும் விறகு செலவாகிறது.

மழைக்காலத்தில், புத்த பிக்குகள் நோன்பிருக்கும் மூன்று மாதமும் அடுப்பு மூட்டுவதில்லை என்பது ஊர் வழக்கம். அப்போது எல்லோருக்கும் வயலில் வேலை. கிணற்றுக்குக் காவல் தெய்வம் உண்டு, வருடத்துக்கு ஒருமுறை படையலும் உண்டு. கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கிற மலைநாட்டில் உப்பு எத்தனை பெரிய சொத்தாக இருந்திருக்கும் என்று பாருங்கள். 15ஆம் நூற்றாண்டில், அன்று வடக்குத் தாய்லாந்தில் இருந்த லன்னா நாட்டின் அரசர் திலோகராஜ் நான் நகரைப் பிடித்ததற்கு இந்தக் கிணறுகளும் ஒரு காரணம் என்கிறார்கள். இந்த உப்பில் ஒரு குறையும் உண்டு. கடலுணவு எட்டாத மலைவாசிகளுக்கு அயோடின் மிக அவசியம், இதில் அது இல்லை. இப்போது விற்பதற்கு முன் சேர்த்துவிடுகிறார்கள்.

ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். தூத்துக்குடிக்கு உப்பு வாங்கி வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்! அம்மா பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். உப்பு வாரிய கை, அதற்குத் தெரியாதது இல்லை.

"நைசா இருக்கு. காய்ச்சினதா?"

"ஆமாம்மா. நாலைந்து மணி நேரம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அந்த ஊர்ல வெயிலே அடிக்காதா? பாவம், விறகு யாரு சுமக்கா?"