எட்டாயிரம் மீட்டர் ஆழத்தில் ஒரு வெளிர் மீன்: மரியானா நத்தை மீன்

[காட்சி: முழு இருள். விளக்கொளியில் வெண்துகள்கள் மெல்ல இறங்குகின்றன.]

மேற்குப் பசிபிக்கில், குவாம் தீவுக்கு அருகே, கேமராவும் விளக்கும் பொருத்திய இரும்புச் சட்டகம் ஒன்று கப்பலிலிருந்து இறக்கிவிடப்படுகிறது. அதில் இரையாகக் கானாங்கெளுத்தி கட்டப்பட்டிருக்கிறது. மரியானா அகழியின் சரிவைத் தொட அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். தரையில் அமர்ந்ததும், இறாலின் உறவினங்களான ஆம்பிபாடுகள் நூற்றுக்கணக்கில் மொய்த்து, இரையைத் தின்னத் தொடங்குகின்றன. பிறகு மீன் வருகிறது. அது கானாங்கெளுத்தியைச் சீண்டுவதில்லை. வாயைத் திறந்து நீரோடு சேர்த்து ஆம்பிபாடுகளை உறிஞ்சி, தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடையால் நசுக்கி விழுங்குகிறது.

[காட்சி: மீனின் அண்மைத் தோற்றம்.]

இதன் நீளம் ஒரு சாணுக்குச் சற்று மேல். உடலில் செதில்கள் இல்லை. வெளிறிய இளஞ்சிவப்புத் தோல் கண்ணாடித்தாள் போல் இருப்பதால், உள்ளே கல்லீரல் இருக்கும் இடம்கூடத் தெரிகிறது. 2017ஆம் ஆண்டில் இதற்குச் சூடோலிபாரிஸ் ஸ்வைரி என்ற அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த சேலஞ்சர் கப்பலின் வழிகாட்டு அதிகாரிகளுள் ஒருவரான ஹெர்பர்ட் ஸ்வைரின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. 1875இல் அக்கப்பல் இந்த அகழியில் கயிறு விட்டு அளந்தபோது கிடைத்த ஆழம் 8,184 மீட்டர். அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாயிரம் மீட்டரில் நீரழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப் போல் ஏறத்தாழ 800 மடங்கு. கட்டைவிரல் நகமளவு இடத்தின் மேல் ஒரு சிறிய காரை நிறுத்துவதற்கு அது ஈடாகும். வெப்பநிலையோ இரண்டு டிகிரியைச் சுற்றியே நிற்கிறது. நத்தை மீனுக்குக் காற்றுப்பை இல்லாததால் அழுத்தத்தில் நசுங்கக்கூடிய வெற்றிடம் அதன் உடலில் கிடையாது. தோலுக்கடியில் உள்ள கூழ் போன்ற திசுதான் அதை மிதக்கச் செய்கிறது. 2019இல் வெளிவந்த மரபணு ஆய்வு, எலும்பு இறுகுவதற்கு உதவும் ஒரு மரபணு இம்மீனில் செயலிழந்திருப்பதைக் காட்டியது. எலும்புக்கூட்டின் பெரும்பகுதி குருத்தெலும்பாகவே தங்கிவிட, மண்டையோடும் முழுமையாக மூடாமல் இருக்கிறது. நிறங்களைக் காண உதவும் மரபணுக்களும் தொலைந்திருக்கின்றன.

ஆனால் உண்மையான போராட்டம் உயிரணுவுக்குள் நடக்கிறது. பெரும் அழுத்தம் புரதங்களின் மடிப்பைக் குலைத்துவிடும். அதைத் தடுத்து நிறுத்துவது டிஎம்ஏஓ எனப்படும் சிறிய மூலக்கூறு. அது நமக்கு அறிமுகமில்லாத பொருளன்று: வாங்கி வைத்த கடல்மீன் நேரம் ஆக ஆக வீசும் கவுச்சி, பெரும்பாலும் பாக்டீரியாக்கள் இந்த டிஎம்ஏஓவைச் சிதைப்பதால் எழுவதே. ஆழம் கூடக்கூட மீன்களின் தசையில் இதன் அளவும் கூடிக்கொண்டே போகிறது.

[காட்சி: அகழியின் குறுக்குவெட்டு வரைபடம்.]

இங்கேதான் எல்லை வருகிறது. சாதாரணக் கடல்மீனின் உடல்நீர், கடல்நீரைவிடச் செறிவு குறைந்தது. டிஎம்ஏஓ சேரச்சேர அந்த வேறுபாடு சுருங்கி, ஏறத்தாழ 8,200 மீட்டரில் இரண்டும் சமமாகிவிடும் என்று 2014இல் வெளியான ஆய்வு கணித்தது. அதற்கும் கீழே போக வேண்டுமானால் இன்னும் டிஎம்ஏஓ வேண்டும். அப்போது கடலிலிருந்து நீர் உடலுக்குள் புகத் தொடங்கும். சேலஞ்சரின் கயிறு தொட்ட ஆழம் ஏறத்தாழ இந்த எல்லையிலேயே விழுந்தது தற்செயல்தான். ஆயினும் எனக்கு அது வியப்பு தராமல் இருப்பதில்லை. 1960இல் திரியெஸ்த் என்னும் கலத்தில், இந்த எல்லைக்கும் வெகு கீழே உள்ள அகழியின் அடிவரை சென்ற ஜாக் பிக்கார், அங்கே தட்டை மீன் ஒன்றைக் கண்டதாகச் சொன்னதை இன்று அறிஞர்கள் ஏற்கத் தயங்குவதற்கு இந்த வேதியியலும் ஒரு காரணம்.

இவ்வளவு கடினமான இடத்தை இம்மீன் விடாமல் பற்றிக்கொண்டிருப்பது ஏன்? அகழி ஒரு புனல் போன்றது. மேலிருந்து விழும் உணவும், நிலநடுக்கத்தில் சரியும் வண்டலும் அதன் உட்புறம் நோக்கியே சேர்கின்றன. ஆம்பிபாடுகளுக்குக் குறைவில்லை. வேட்டையாடும் பெரிய மீன்களோ ஏறத்தாழ 7,000 மீட்டரோடு நின்றுவிடுகின்றன.

[காட்சி: நீலக் கருமையில் ஒரு சிறு உருவம்.]

2022இல் ஜப்பானுக்குத் தெற்கே, மரியானாவைவிடச் சற்றே வெதுவெதுப்பான இசு-ஒகசவாரா அகழியில், இதே பேரினத்தைச் சேர்ந்த ஓர் இளம் மீன், கணித்த எல்லையைச் சற்றே தாண்டி, 8,336 மீட்டர் ஆழத்தில் படம்பிடிக்கப்பட்டது. மீன் ஒன்று பதிவான மிக ஆழமான இடம் அது. அந்தக் காட்சியில் அது தனியாக, அவசரமின்றி, தரைக்குச் சற்று மேலே நீந்திச் செல்கிறது.