கழுகு செத்தது, கணக்கு யார் தலையில்?

(காட்சி: ஊருக்கு வெளியே பொட்டல் வெளி. செத்த மாடு ஒன்று கிடக்கிறது.)

குரல்: 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடும் எருமையுமாக 30 கோடிக்கு மேல் இருக்கின்றன. இவற்றில் ஏராளமானவை மூப்பிலோ நோயிலோ தாமாகவே சாகின்றன. அந்த உடல்கள் எங்கே போகின்றன?

முன்பு இது ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. செத்த மாட்டை ஊர் எல்லையில் போடுவார்கள். முதலில் தோல் உரிப்பவர் வருவார். அவர் வேலையை முடித்து நகர்ந்ததும் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கும். கூட்டமாக இறங்கிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்புக்கூடுதான் மிஞ்சும். வெயிலில் காய்ந்த அந்த எலும்பைப் பொறுக்க இன்னொருவர் வருவார். அது பசைக்கும் உரத்துக்கும் விலையாகும். ஒரே சடலத்தில் இரண்டு மனிதர்களுக்குப் பிழைப்பு. ஊருக்கு நாற்றமும் இல்லை, செலவும் இல்லை.

இப்படி இயற்கை சம்பளம் வாங்காமல் செய்து தரும் வேலைகளைத்தான் ஆய்வாளர்கள் சூழலியல் சேவைகள் என்கிறார்கள். 2005-இல் ஐ.நா. முன்னெடுப்பில் வெளியான ஆயிரமாண்டு சூழல் மதிப்பீடு என்ற அறிக்கை அவற்றை நான்கு வகையாகப் பிரித்தது. வகைகள் தேர்வு எழுதுபவர்களுக்கு உதவும். நாம் கழுகிடமே திரும்புவோம்.

(காட்சி: ராஜஸ்தான், பரத்பூர். மரக்கிளையில் கழுத்து தொங்க உட்கார்ந்திருக்கும் பாறு.)

குரல்: 1990களில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் பாறுகள் கழுத்தைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருந்து, கிளையிலிருந்து விழுந்து செத்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் இந்தச் சரிவைப் பதிவு செய்தார். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவே எஞ்சியது.

ஏதோ புதிய கிருமி என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு விடையைச் சொன்னது: டைக்ளோஃபெனாக். நம் மூட்டுவலிக்குக் கொடுக்கும் அதே வலி நிவாரணி. காப்புரிமை முடிந்து விலை சரிந்ததும் மாடுகளுக்கும் போட ஆரம்பித்தார்கள். ஊசி போட்ட மாடு சில நாளில் செத்தால், அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழக்கும். உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படியும். நூறு சடலத்தில் ஒன்றில் மருந்து இருந்தாலே போதும், இனம் சரிந்துவிடும். ஒரு சடலத்தில் இறங்குவது ஒரு கூட்டம் அல்லவா?

இதில் வில்லன் என்று யாரைச் சொல்வது? நொண்டும் மாட்டின் வலியைக் குறைக்க, கைக்கு எட்டிய விலையில் மருந்து வாங்கினார் ஒரு விவசாயி. அதற்கு மேல் அவர் எதுவும் செய்யவில்லை.

(காட்சி: அதே பொட்டல் வெளி. இப்போது நாய்க் கூட்டம்.)

குரல்: பாறு போன இடத்துக்கு நாய் வந்தது. ஆனால் பாறின் வேலை நாய்க்கு வராது. சதையைப் பாதியில் விட்டுப் போகும், பெருகும், கடிக்கும், வெறிநோயைப் பரப்பும். அழுகிய உடல்கள் தண்ணீரில் கலந்தன.

எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு பாறுகள் நிறைந்திருந்த மாவட்டங்களையும் அதிகம் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். முதல் வகை மாவட்டங்களில் மனிதர்களின் இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் கூடுதல் சாவுகள் என்பது அவர்களின் மதிப்பீடு. மருந்து மலிவுதான், மீதி விலையைக் கொடுத்தவர்கள் வேறு யாரோ.

எலும்பு பொறுக்கியவருக்கு அழுகல் ஒட்டிய எலும்புதான் கிடைத்தது. மும்பை பார்சிகளின் சங்கடம் வேறு மாதிரி. இறந்தவர் உடலைப் பாறுகளுக்குக் கொடுப்பது அவர்களின் மரபு. அதற்காக உடல்களை வைக்கும் இடமான மலபார் குன்றின் டூங்கர்வாடியில் பாறுகள் வராமல் போனதும், சூரிய ஒளியைக் குவித்து உடலை உலர்த்தும் கருவிகளை வைத்தார்கள். மழைக்காலத்தில் சூரியனுக்கு எங்கே போவது? சிலர் தகனத்துக்கு மாறினார்கள். அது மரபுக்குப் பொருந்துமா என்ற சச்சரவு சமூகத்துக்குள் இன்றும் ஓயவில்லை.

(காட்சி: 30 மில்லி மருந்துக் குப்பி, பக்கத்தில் 3 மில்லி குப்பி.)

குரல்: 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்குக்கு இந்தியா தடை போட்டது. ஆனால் மனிதர்களுக்கான 30 மில்லி குப்பி கடையில் தாராளமாகக் கிடைத்தது. ஒரே குப்பியில் ஒரு மாட்டுக்கு வைத்தியம் முடிந்துவிடும். ஆகவே 2015-இல் மனித மருந்தையும் 3 மில்லி குப்பியில்தான் விற்க வேண்டும் என்றார்கள். மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் அந்தக் கட்டுப்பாடு செல்லும் என்றது. குப்பியின் அளவைக் குறைத்து ஒரு பறவையைக் காப்பாற்ற முயன்ற இந்த யோசனையை நான் மிகவும் ரசிக்கிறேன். பிறகு 2023-இல் பாறுகளுக்குக் கேடான வேறு இரண்டு வலி நிவாரணிகளான கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தவும் தடை வந்தது.

(காட்சி: நீலகிரி அடிவாரம், மாயாறு. கரையோர நீர்மத்தி மரங்களில் கூடுகள்.)

குரல்: தமிழ்நாட்டில் பாறுகளின் முக்கியப் புகலிடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் சோறு உண்ண வந்த இரண்டு பறவைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அவையும் பாறு இனம்தான். 1990களின் கடைசியோடு அவற்றின் வரவு நின்றது.

மாயாற்றில் ஊசி மட்டும் சிக்கல் இல்லை. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்தால், ஆத்திரத்தில் அந்தச் சடலத்தில் விஷம் வைப்பவர்கள் உண்டு. குறி புலிக்கு, தின்று சாவது பாறும்தான். அதனால் மாட்டுக்கான இழப்பீடு எவ்வளவு சீக்கிரம் கைக்கு வருகிறது என்பதும் இங்கே கழுகுப் பாதுகாப்புதான். காட்டுக்குள் இயல்பாகச் செத்த விலங்கைப் புதைக்காமல், எரிக்காமல் விட்டுவைப்பதும் அப்படியே.

வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு பொரித்து, வளர்ந்து, தானும் முட்டையிடச் சுமார் ஐந்து ஆண்டுகள் ஆகும். பதினைந்தே ஆண்டுகளில் இழந்ததை அதே வேகத்தில் மீட்க வழியில்லை.

மாடு வளர்ப்பவராக இருந்தால், ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். மெலாக்சிகாம் என்ற வலி நிவாரணி பாறுகளுக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்து உறுதி செய்திருக்கிறார்கள். டோல்ஃபெனாமிக் அமிலமும் அப்படித்தான். மெலாக்சிகாம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது.