காசுக்கு இரண்டு விலை

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்து வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறினால் விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு கிடைக்கும். லம்பாடிப் பெண்கள் அதில் வளையம் பற்றவைத்து மாலையாகவே போட்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நான் இன்று பேச வந்திருப்பது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கனமான காசுகளைப் பற்றி. 25 முதல் 28 கிராம் வரை இருக்கும். குறுக்களவு நான்கு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். சேகரிப்பவர்கள் இவற்றை 'க்ரவுன் சைஸ்' காசு என்று சொல்வார்கள்.

உலகத்தில் இத்தனை நாடுகள் ஏறக்குறைய ஒரே அளவில் காசு அடித்தது ஏன்? முக்கியமான காரணம் ஸ்பெயின். மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவின் பொட்டோசியிலும் வெட்டிய வெள்ளியை அவர்கள் எட்டு ரியால் காசாக அடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். எடை சுமார் 27 கிராம். மணிலா வழியாகச் சீனாவுக்குப் போனது, ஐரோப்பா சுற்றி இந்தியாவுக்கும் வந்தது. போன இடமெல்லாம் வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் 1857 வரை அது சட்டப்படி செல்லுபடியான பணம். அப்புறம் வந்த அமெரிக்க டாலர், ஜப்பான் யென், 1914-ல் அப்போதைய சீன ஜனாதிபதி யுவான் ஷிகாய் தலையோடு வந்த வெள்ளி டாலர் எல்லாம் ஏறக்குறைய அந்த எடையை ஒட்டியே பிறந்தவை.

சீன வியாபாரிகள் இன்னொரு வேலையும் செய்தார்கள். கைக்கு வந்த காசைச் சோதித்து, சரிதான் என்று தெரிந்ததும் தங்கள் முத்திரையைச் சின்ன உளியால் அதன் மேலேயே குத்திவிடுவார்கள். பத்து கடை ஏறி இறங்கிய காசில் ராஜாவின் மூக்கே இருக்காது. முன்பு இவற்றைக் கெட்டுப்போன காசு என்று ஒதுக்கினார்கள். இப்போது தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். பளபளவென்று பெட்டியிலேயே கிடந்த காசைவிட, பத்து பேர் சந்தேகப்பட்டுப் பார்த்த காசு எனக்குப் பிடிக்கும்.

சரி, விலைக்கு வருவோம். எந்த வெள்ளிக் காசுக்கும் இரண்டு விலை உண்டு. ஒன்று அதில் இருக்கிற வெள்ளியின் விலை. மற்றது காசு என்பதற்காக மேலே கொடுக்கிற விலை. வாங்கும்போது எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்த வியாபாரத்தில் பாதி தெரிந்த மாதிரி. அமெரிக்காவின் மார்கன் டாலர் 26.73 கிராம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. ஆக சுத்த வெள்ளி 24 கிராம் சொச்சம். அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் அடிவிலை வந்துவிடும். அதற்கு மேல் கேட்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் விற்கிறவர் காரணம் சொல்ல வேண்டும்.

"ரொம்பப் பழசு" என்பது காரணம் ஆகாது. இதற்கு மரியா தெரேசா தாலர் நல்ல உதாரணம். மஸ்கட்டில் வேலை செய்து திரும்புகிறவர்கள் முத்ரா கடைத்தெருவில் வாங்கி வருவார்கள். ஒரு பக்கம் ஆஸ்திரிய மகாராணி, மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு, 1780 என்று வருடம். எடை 28 கிராம் சொச்சம், வெள்ளி 1000-க்கு 833. இருநூற்று நாற்பது வருடத்துப் பொருள் என்று பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். 1780 மகாராணி இறந்த வருடம். அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் வியாபாரிகள் அந்த முகத்தைத் தவிர வேறு முகத்தை நம்பவில்லை. அதனால் அதே வருடத்தைப் போட்டே திரும்பத் திரும்ப அடித்தார்கள். வியன்னாவில் அடித்தார்கள், ரோமில் அடித்தார்கள், லண்டனில் அடித்தார்கள். 1940, 41-ல் நம் பம்பாய் அக்கசாலையிலும் அடித்தார்கள். வாங்குகிறவர்கள் மகாராணியின் உடையில் குத்தியிருக்கும் அணியின் முத்துகளைக் கூட எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவார்களாம். எந்த அக்கசாலையில் அடித்தது என்பதை இந்த மாதிரி நுணுக்கங்களை வைத்துத்தான் இன்றும் பிரிக்கிறார்கள். பின்னாளில் அடித்த சாதாரணமான ஒன்று என்றால் வெள்ளி விலைக்குச் சற்று மேலே கொடுக்கலாம், அவ்வளவுதான்.

பம்பாய் என்றதும் இன்னொரு காசு. 1895 முதல் 1935 வரையிலான வருடங்களைத் தாங்கி 'பிரிட்டிஷ் வர்த்தக டாலர்' வந்தது. பிரிட்டானியா கையில் சூலத்தோடு நிற்பாள். பூதக்கண்ணாடி வைத்துச் சூலத்தின் நடுமுனையைப் பாருங்கள். துளியூண்டு ஆங்கில 'பி' (B) எழுத்து இருந்தால் பம்பாய். மறுபக்கம் சீன எழுத்தும், அரபு வரிவடிவில் மலாய் மொழியும். பெரும்பாலும் இந்தியாவில் அடித்தது, ஆனால் இந்தியாவில் செல்லாது. ஹாங்காங், மலாயாப் பக்கத்துக்காக அடித்த பணம்.

நம் மண்ணுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. கிருஷ்ணகிரிக் கோட்டையும் அந்நாளில் பாராமகால் என்று அழைத்த நம் வட்டாரமும் 1792 உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனிக்குப் போனது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். திப்புவே 'ஹைதரி' என்ற இரட்டை ரூபாய் அடித்தார். அதுவும் பெரிய காசு, சுமார் 23 கிராம். முகம் கிடையாது, எழுத்து மட்டும். கம்பெனி ஆட்சி வந்த பிறகு 1808 வாக்கில் சென்னையில் வெள்ளியில் அரை வராகன் அடித்தார்கள். ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழக் கோபுரம், சுற்றி ஆங்கிலமும் பாரசீகமும். மறுபக்கம் தாமரையில் விஷ்ணு, சுற்றித் தமிழும் தெலுங்கும். அச்சடிக்க வெள்ளி எங்கிருந்து? கப்பலில் வந்த அதே ஸ்பானிஷ் டாலர்தான். சில காசுகளைச் சாய்வாக விளக்கொளியில் பிடித்தால் கோபுரத்துக்கு அடியில் பழைய லத்தீன் எழுத்தின் வால் தெரியும், மன்னரின் தலைமுடிச் சுருள் ஒன்று மங்கலாகத் தெரியும். மெக்சிகோ வெள்ளி, ஸ்பெயின் ராஜா, மேலே தமிழ் எழுத்து. இந்த மாதிரிக் காசுக்கு வெள்ளி விலையைப் போல் பல மடங்கு கேட்டால் நியாயம் இருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு கதை. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் காகித நோட்டை நீட்டி வெள்ளி ரூபாய் கேட்டு ஜனங்கள் நெருக்கினார்கள். சர்க்காரிடம் வெள்ளி இல்லை. 1918-ல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. பெரும்பங்கு இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. உங்கள் பாட்டி வைத்துவிட்டுப் போன 1919-ம் வருட ஜார்ஜ் ரூபாயில் மார்கன் டாலர் கரைந்திருக்கலாம். எந்த வருடத்து டாலர் எவ்வளவு உருகியது என்று கணக்கு வைக்கவில்லை. அதனால் எது அபூர்வம் என்று அங்கே இன்னும் வாதம் நடக்கிறது.

போலி நிறைய. மார்கன், யுவான் ஷிகாய், வர்த்தக டாலர் மூன்றிலும் சந்தையில் புழங்குகிற போலிகளுக்கு அளவே இல்லை. காந்தத்தில் ஒட்டினால் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒட்டாவிட்டால் மட்டும் நல்லது என்று ஆகிவிடாது, பித்தளையும் ஒட்டாது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நகைக்கடையில் இருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். முதலில் காசை எடை போட்டுக்கொள்ளுங்கள். மார்கன் என்றால் 26.7 வரும். அப்புறம் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். முழுதும் மூழ்க வேண்டும், ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. தராசு 2.6 கிராம் பக்கத்தில் காட்டினால் வெள்ளிக்கு உரிய அடர்த்தி. 3 கிராம் என்று காட்டினால் செம்பு, நிக்கல் கலந்த ஏதோ ஒன்று. இதில் தேறிய பிறகுதான் எழுத்து, விளிம்பு வரி, தேய்மானம் எல்லாம் பார்க்க வேண்டும். வெள்ளியிலேயே போலி அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அங்கே தண்ணீர் உதவாது.

அடுத்து, கழுவுகிற விஷயம். தயவுசெய்து வேண்டாம். குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி விபூதி போட்டு, புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று கொண்டுவருவார்கள். வருடக்கணக்கில் ஏறிய கருமை போய், மெல்லிய கீறல் விழுந்து, மேலே சொன்ன இரண்டாவது விலை அப்படியே போய்விடும். மிச்சம் சேட்டு கடை விலைதான். மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் வைப்பதும் ஆபத்து. நாளாக நாளாகப் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் டாலருக்குப் பாய வேண்டியதில்லை. 1969-ல் வந்த காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் இருக்கிறது: 15 கிராம், நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. கையும் கண்ணும் பழக அது போதும். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு கண்காட்சி பக்கம், நமக்கு சேலம். நேரில் பார்த்து, எடை போட்டு, பில் கேட்டு வாங்குங்கள். பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியே 2021-ல் இதுபற்றி எச்சரித்திருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972 சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டு நண்பர் கேட்டார் என்று கூரியரில் அனுப்ப முடியாது.

கிணறு வெட்டும்போதோ மாந்தோப்பில் குழி எடுக்கும்போதோ காசுப் பானை கிடைத்தால் அது வேறு கணக்கு. 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். எடை பார்க்கிறேன் என்று முதலில் அடகுக் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். கலெக்டர் ஆபீஸ் தர்மபுரியிலும் இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.